மூக்கு எண்ணிய தலைகள்

செத்துப்போன ஒன்பது பேரை முறைப்படி கணக்கெடுத்து, மேலதிகாரி கையெழுத்தோடு கோப்பில் ஏற்றி, ஒன்பது பேருக்கும் மூன்று மாதத்துக்கு அரசாங்க அரிசி வாங்கிக்கொடுத்த ஒரே ஆள் இந்த உலகத்தில் நான்தான். வேறு யாராவது இருந்தால் வரச்சொல்லுங்கள், பார்ப்போம்.

நான் கூட்டிச் சொல்கிறவன் என்று எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அபாண்டம். புள்ளியியல் துறையில் முப்பத்துநான்கு வருடம் களப்பணி செய்தேன். பதினோரு லட்சம் கதவுகளைத் தட்டியிருக்கிறேன். இருநூற்றுப் பன்னிரண்டு நாய்கள் கடித்திருக்கின்றன. அதில் பாதி நாய்களுக்கு ஊசி போட வேண்டியிருந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இதில் கூட்டிச் சொன்னது எது?

நவம்பர் மாதம் வந்தால் நாங்கள் எல்லோரும் தூத்துக்குடி கருவூலத்துக்குப் போய், ஒரு கண்ணாடிக்குள் கண்ணைக் காட்டி, உயிரோடுதான் இருக்கிறோம் என்று நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால்தான் அடுத்த வருட ஓய்வூதியம். டோக்கன் எண் அறுபதைத் தாண்டிவிட்டால் மத்தியானம் வரைக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கதை சொல்ல இதைவிட நல்ல இடம் உண்டா? அதுவும் உயிரோடு இருக்கிறோமா என்று சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில், செத்தவர்கள் கதை.

இந்த வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்தது செல்வமலர் டீச்சர். ஓய்வுபெற்று முதல் வருடம், இந்தக் கதையைக் கேட்காத புதுக் காது. மேலே எழுதியிருக்கிற முதல் வாக்கியத்தை அப்படியே அவரிடம் சொன்னேன். இரண்டு நாற்காலி தள்ளி ஒரு செருமல் கேட்டது. தேவசித்தம் சார். அந்தக் காலத்தில் எனக்குத் துணை இயக்குநர்.

"ஆரம்பிச்சிட்டாரு. டீச்சர், பொன்னுலிங்கம் சொல்லுததுல பத்துல ஒண்ணை எடுத்துக்கிடுங்க. மத்ததெல்லாம் காத்து."

"அந்த ஒண்ணு எது சார்?"

"அவரு பேரு."

பதின்மூன்று வருடமாக இதே இடத்தில் இதே வசனம். நான் கண்டுகொள்வதில்லை. டீச்சர் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் தொடர்ந்தேன்.

முதலில் மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வறுமையை அளப்பதற்கு அதுவரை எங்களிடம் இருந்தது ஒரு கேள்வித்தாள். நாற்பத்தெட்டுப் பக்கம். குடும்பம் என்றால் என்ன என்பதற்குத் துறையில் ஒரே இலக்கணம்தான்: ஒரே உலையில் வெந்ததைத் தின்கிறவர்கள் ஒரு குடும்பம். கூடப்பிறந்த அண்ணன் தம்பியாக இருந்தாலும் உலை வேறென்றால் குடும்பம் வேறு. அந்த உலையில் முப்பது நாளில் என்ன வெந்தது என்று கேட்டு, மொத்தத்தைத் தலைகளால் வகுத்தால் ஆளுக்கு இவ்வளவு என்று வரும். அரசாங்கம் போட்ட கோட்டுக்குக் கீழே வந்தால் ஏழை. மேலே வந்தால் இல்லை.

அப்புறம்தான் தேவசித்தம் சார் மூக்கைக் கொண்டுவந்தார். அவர் தலைமையில் வடிவமைத்தது. பெரிய தூக்குச்சட்டி அளவில் ஒரு பெட்டி, அதில் ஒரு ரப்பர் குழாய், பஸ் டிக்கெட் மாதிரி அச்சடித்துத் தள்ளும் ஒரு காகிதச் சுருள். அடுப்புக்கு மேலே மாட்டி இருபது நிமிடம் விட்டால் போதும். பயிற்சி வகுப்பில் அவர் அதைத் தடவிக்கொடுத்துப் பேசியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

"அடுக்களையில யாரு யாரு சாப்பிட்டாங்களோ, அவங்க மூச்சு அங்க ஒட்டியிருக்கும். முப்பது நாள் தாங்கும். இது ஒவ்வொரு மூச்சையும் தனித்தனியாப் பிரிக்கும். ஆணா, பொண்ணா, தோராயமா வயசு, முப்பது நாள்ல எவ்வளவு சாப்பிட்டாங்க, எல்லாம் சொல்லும்."

"சாப்பிடாதவங்க சார்?" என்றேன் நான்.

"அதுக்குத்தான்யா இதைச் செஞ்சதே. பட்டினி கெடக்கவங்க மூச்சுல அழுகுன கொய்யாப்பழ வாடை ஒண்ணு வரும். நமக்குத் தெரியாது, இதுக்குத் தெரியும். இதுவரைக்கும் நாம மொத்தத்தை வகுத்து எல்லாருக்கும் ஒரே அளவுன்னு எழுதிட்டோம். வீட்டுக்குள்ளயே ஒருத்தர் தின்னு ஒருத்தர் தின்னாம இருக்கிறதை யாரு அளந்தா? இனிமே மூக்கு அளக்கும். அது எண்ணுனதை ஒருத்தரும் கையால மாத்தக்கூடாது. நானே சொன்னாலும் மாத்தக்கூடாது."

கடைசி இரண்டு வாக்கியத்தையும் நான் குறித்துவைத்துக்கொண்டேன். பயன்படும் என்று தோன்றியது.

மூக்கோடு நான் போன முதல் இடம் கொட்டாரத்திடல். உப்பளத்துக்கு நடுவே நாற்பத்தொரு குடிசை. எல்லாரும் உப்பு வாருகிறவர்கள். மழை விழுந்துவிட்டால் மூன்று மாதம் வேலை கிடையாது, பாத்தியெல்லாம் தண்ணீர். அந்த மூன்று மாதத்துக்கு அரசாங்கம் தலைக்கு இவ்வளவு என்று அரிசி கொடுத்துவந்தது, எங்கள் கணக்கில் ஊர் கோட்டுக்குக் கீழே இருந்தால்.

முந்தின வருடம் ஊர் கோட்டுக்கு மேலே போய்விட்டது. அரிசி நின்றது. அந்த மழையில் ஒன்பது பேர் இறந்தார்கள். காய்ச்சல் என்று பதிவேட்டில் இருந்தது.

ஊரைக் கோட்டுக்கு மேலே தூக்கிவிட்டது யார் என்று டீச்சர் கேட்டார்.

நான்தான். கேள்வித்தாளோடு போனவன் நான். நேற்று எத்தனை வேளை சாப்பிட்டீர்கள் என்று நாற்பத்தொரு வாசலில் கேட்டேன். நாற்பத்தொரு வாசலிலும் "மூணு வேளையும்" என்றார்கள். சட்டை போட்டு, செருப்புப் போட்டு, பேனாவோடு வந்த அந்நிய மனிதனிடம் பட்டினி என்று சொல்லக் கொட்டாரத்திடலில் எவருக்கும் வாய் வராது. சில வீடுகளில் நான் வருவதைப் பார்த்துவிட்டு வெறும் தண்ணீரை அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிட்டிருந்தார்கள். சட்டிக்குள் தண்ணீர் மட்டும்தான் கொதிக்கிறது என்பது எனக்குத் தெரிந்தது. தண்ணீர் கொதிப்பதற்கும் சோறு கொதிப்பதற்கும் சத்தம் வேறு. ஆனால் சொன்னதை எழுது என்பது விதி. எழுதினேன். மூன்று, மூன்று, மூன்று.

இந்த இடத்தை நான் எப்போதும் வேகமாகச் சொல்லிவிடுவேன்.

அக்டோபர் மாதத்து உச்சிவெயில். சுற்றிலும் உப்புக் குவியல். அந்த வெளிச்சத்தில் ஒரு நிழல்கூடக் கறுப்பாக விழாது, சாம்பலாக விழும். கண்ணைத் திறந்து நடந்தவர்களில் பாதிப் பேர் குருடானார்கள் என்று சொன்னால் தேவசித்தம் சார் மறுபடி செருமுவார், அதனால் சொல்லவில்லை. முதல் வீடு முத்துப்பேச்சி வீடு. நாற்பது வயது இருக்கும். உள்ளங்கால் உப்பில் வெடித்துப் பாளம் பாளமாக இருந்தது.

"வாங்க சார். போன வருசம் வந்தீயள்ளா?"

"ஆமாம்மா. வீட்ல எத்தன பேரு?"

"நானும் மகளும். ரெண்டு பேரு."

"இந்தத் தடவை கேள்வி ஒண்ணும் கிடையாது. இதை அடுப்புக்கு மேல மாட்டிட்டுச் சும்மா இருப்போம்."

"கேள்வி கேக்காதது நல்லதுதான் சார். போன தடவ அவுகளப் பொய் சொல்ல வச்சிட்டீய."

பெட்டியை மாட்டினேன். இருபது நிமிடம் முடிந்து மூக்கு காகிதத்தைத் தள்ளியது. தலைகள்: மூன்று. பெண், நாற்பது. பெண், பதினாறு. ஆண், நாற்பத்தைந்து. மூன்றாவது தலைக்கு எதிரே, முப்பது நாள் உணவு: பூஜ்யம். மூச்சு: உண்டு.

மறுபடி மாட்டினேன். மறுபடி மூன்று.

"யாரும்மா இங்க கூடச் சாப்பிடுறது? ஆம்பள. நாப்பத்தஞ்சு வயசு."

முத்துப்பேச்சி காகிதத்தைப் பார்க்கவில்லை. அடுப்புப் பக்கம் பார்த்தாள். முகத்தில் பயமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. வெளியே போன புருஷன் எப்போது வருவார் என்று கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"அவுக சாப்பிட மாட்டாக சார். அளத்துலயே சாப்பிட்டுட்டேன்னு சொல்லுவாக. தெனமும் அதத்தான் சொல்லுவாக. நாங்களும் நம்பி அவுக பங்கையும் சேத்துத் தின்னுட்டோம். கார்த்திகையில விழுந்தப்பத்தான் பாத்தேன், வயிறு முதுகோட ஒட்டிக் கெடக்கு."

பிறகு கேட்டாள்: "அந்தப் பெட்டிக்கு அவுக இருக்கது தெரியுதா சார்?"

"தெரியுதும்மா."

"அப்ப எழுதிக்கிடுங்க. போன தடவ தப்பா எழுதிட்டுப் போனீய."

மறுநாள் சாயங்காலத்துக்குள் நாற்பத்தொரு வீட்டிலும் மாட்டிவிட்டேன். ஊரில் நடமாடுகிறவர்கள் நூற்றைம்பத்தெட்டு. மூக்கு எண்ணியது நூற்று அறுபத்தேழு. ஒன்பது கூடுதல். ஒன்பதும் போன மழையில் போன அதே வயது, அதே ஆண் பெண், அதே வீடு. ஒன்பதுக்கும் பூஜ்யம்.

இப்போது கணக்கைக் கேளுங்கள், சின்னக் கணக்குதான். கோடு நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்பு வாரும் மாதத்தில் அளந்தால் எல்லோரும் கொஞ்சம் தின்றிருப்பார்கள்தானே? அதை வைத்துத்தான் மழை மாதத்துக்குத் தீர்ப்பு. நடமாடுகிறவர்களை மட்டும் வைத்து வகுத்தால் ஊர் நூற்றிரண்டு. கோட்டுக்கு மேலே, அரிசி இல்லை. ஒன்பது பேரையும் சேர்த்து வகுத்தால் தொண்ணூற்றாறு. அரிசி உண்டு.

செத்தவர்கள் இருந்தால்தான் இருக்கிறவர்கள் பிழைப்பார்கள். நான் தேவசித்தம் சாருக்குப் போன் போட்டேன். மறுநாள் பத்து மணிக்கெல்லாம் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"பெட்டி பழுது," என்றார் இறங்கும்போதே. "ஒன்பது பேரையும் அடிச்சிட்டு அனுப்புங்க."

"அது எண்ணுனதைக் கையால மாத்தக்கூடாதுன்னு நீங்கதான் சார் சொன்னீங்க. நீங்களே சொன்னாலும் மாத்தக்கூடாதுன்னும் நீங்கதான் சொன்னீங்க."

"பொன்னுலிங்கம், வெளையாடாதீங்க. போன வருசத்துக் குத்த உணர்ச்சியில நீங்களே ஏதோ பண்ணி வச்சிருக்கீங்க."

அது எனக்குச் சுருக்கென்றது. "நீங்களே மாட்டிப் பாருங்க சார்," என்றேன்.

மாட்டினார். முத்துப்பேச்சி அடுக்களையில், தன் கையாலேயே. இருபது நிமிடமும் அடுப்புக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். வேட்டி கட்டுகிறவர் இல்லை, முழுக்கால் சட்டைக்காரர், முட்டி வலித்திருக்கும். காகிதம் வந்தது. மூன்று.

"பழைய கரி," என்றார். "கூரையில போன வருசத்துக் கரி ஒட்டியிருக்கும். அதுல உள்ள மூச்சு இது. முப்பது நாள்னு நாம போட்டது தப்பு, ஒரு வருசம் தாங்கும்போல."

"இந்தக் குடிச பங்குனியில கட்டுனது சார்," என்றாள் முத்துப்பேச்சி வாசலில் நின்றபடி. "பழசை மழ கொண்டுபோயிட்டு. அவுக போனது கார்த்திகை. அடுப்பும் புதுசு, ஓலையும் புதுசு, சட்டியும் புதுசு."

தேவசித்தம் சார் எழுந்து வெளியே வந்தார். அந்த வெள்ளை வெளிச்சத்தில் அவர் முகம் உப்பு மாதிரி இருந்தது. முத்துப்பேச்சி பின்னாலேயே வந்தாள்.

"கஞ்சி இருக்கு, குடிச்சிட்டுப் போங்க சார்."

"வேண்டாம்மா. சாப்பிட்டுட்டேன்."

"எல்லாரும் அதத்தான் சொல்லுதீய," என்றாள் அவள்.

அவர் பெட்டியைப் பழுதுபார்க்க எடுத்துப்போகிறேன் என்று சொல்லி ஜீப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

இதற்கப்புறம் நான் என்ன செய்தேன் என்பதைப் பல விதமாகச் சொல்லியிருக்கிறேன். இயக்குநர் அறை வாசலில் ஆறு நாள் உண்ணாவிரதம் இருந்தேன் என்று ஒரு வருடம். மந்திரியின் கார் முன்னால் படுத்தேன் என்று ஒரு வருடம். ஒன்பது ஆவிகளையும் பஸ்ஸில் ஏற்றிச் சென்னைக்கே கூட்டிப்போனேன், நடத்துநர் பாதி டிக்கெட் போட்டார் என்று இன்னொரு வருடம்; அந்த வருடம் நல்ல கைதட்டல். உண்மையில், மூக்கு எண்ணியதை அப்படியே கோப்பில் எழுதி அனுப்பியதைத் தவிர நான் ஒன்றுமே செய்யவில்லை. நான்காம் நாள் கோப்பு திரும்பி வந்தது. தலைகள் நூற்று அறுபத்தேழு, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. கீழே அவர் கையெழுத்து. மழைக்கு முன்னால் அரிசி வந்தது, ஒன்பது பேருடைய பங்கும் சேர்த்து. அந்த மழையில் கொட்டாரத்திடலில் ஒருவரும் சாகவில்லை.

அதே மாதத்தில் மூக்குகளைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். இருநூறு பெட்டிகளையும். பழுது என்று சுற்றறிக்கை வந்தது. பழையபடி கேள்வித்தாள்.

கதை முடிந்தது. டோக்கன் எண் ஐம்பத்தேழைக் கூப்பிட்டார்கள்.

"நீங்க ஏன் சார் கையெழுத்துப் போட்டீங்க?" என்று டீச்சர் தேவசித்தம் சாரைக் கேட்டார்.

"பாக்காமப் போட்டிருப்பேன் டீச்சர். தெனமும் முந்நூறு கோப்பு. பெட்டி பழுது, அவ்வளவுதான். ஆவியும் இல்ல, ஒண்ணும் இல்ல." இதுவும் பதின்மூன்று வருட வசனம்தான்.

டீச்சர் என்னிடம் திரும்பினார். "அண்ணாச்சி, அந்தப் பெட்டியை ஒங்க வீட்டு அடுப்புல மாட்டிப் பாத்தீங்களா?"

இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. நான் வாயைத் திறந்தேன். ஏதாவது ஒரு புளுகு தயாராக வரும், எப்போதும் வரும். வரவில்லை. இரண்டு ராத்திரி முழுக்க அந்தப் பெட்டி என் வீட்டில், மேசை மேல் இருந்தது. அடுக்களை பத்தடி தூரம். எனக்குச் சம்பளம் வந்தது அந்த மூன்று, மூன்று, மூன்றை எழுதியதற்காக. அந்தச் சம்பளத்தில்தான் என் வீட்டு உலை கொதித்தது.

"மாட்டல டீச்சர்," என்றேன். "பயம்."

தேவசித்தம் சார் என்னைப் பார்த்தார். நான் ஒரு சின்ன வாக்கியத்தைச் சொல்லி நிறுத்தியதை அவர் அதுவரை பார்த்ததில்லை. கையிலிருந்த டோக்கனை இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார்.

"நான் மாட்டுனேன்," என்றார்.

எங்கள் இருவரையும் பார்க்காமல், எதிரே இருந்த கவுன்டரைப் பார்த்துப் பேசினார்.

"அன்னிக்கு ஆபீசுக்குக் கொண்டுபோகல. நேரா வீட்டுக்குத்தான் கொண்டுபோனேன். பழுதுன்னு எனக்கே காட்டிக்கிடணும்ல. புது பிளாட். குடிவந்து எட்டு மாசம். நான், வீட்டுக்காரி, மக, மூணு பேரு. பட்டினின்னா என்னன்னு அந்தச் செவுத்துக்குத் தெரியாது. நாலுன்னு அடிச்சுது."

டீச்சர் மூச்சுவிட்டது கேட்டது.

"பொண்ணு. பத்தொம்போது வயசு. பூஜ்யம். எனக்கு யாருன்னு தெரியும். எங்க அக்கா. கோயில்பட்டியில தீப்பெட்டி ஆபீசுல குச்சி அடுக்குத வேல பாத்தா. நான் படிச்சிக்கிட்டிருந்தேன். அங்கயே சாப்பிட்டுட்டேன், நீ சாப்பிடுன்னு சொல்லுவா. ரத்தம் இல்லன்னு டாக்டர் சொன்ன அன்னைக்கித்தான் எங்களுக்குத் தெரியும். அது வேற வீடு, வேற ஊரு, அன்னைக்கே நாப்பது வருசத்துக்கு முந்தி." மடித்த டோக்கனைப் பிரித்தார். "மறுநாள் காலையில ஒரு தட்டு கூடுதலா வச்சேன். மதியமும் வச்சேன். மறுபடி மாட்டுனேன். பூஜ்யம், பூஜ்யமாவே இருந்துச்சு."

கவுன்டரில் ஐம்பத்தெட்டைக் கூப்பிட்டார்கள். யாரும் எழவில்லை.

"செத்தவங்க செத்த வீட்டுல இருக்கதில்ல பொன்னுலிங்கம். அவங்க பங்கு எங்க போச்சோ அங்க போயிருதாங்க. கொட்டாரத்திடல்ல ஒரே வீட்டுக்குள்ள தின்னாங்க, அதனால அங்கயே இருந்தாங்க."

"அதுக்காகவா சார் மூக்கைத் திருப்பி வாங்குனீங்க? ஒங்க வீட்டுக்காகவா?" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"எங்க வீடு ஒண்ணுன்னா விட்டிருப்பேன்." கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். "எதுத்த வீடு உப்பு ஏற்றுமதி பண்ணுதவரு வீடு. புருசனும் பொஞ்சாதியும்தான். பிள்ளையள்லாம் வெளிநாடு. கேஸ் கசிவு பாக்கணும்னு பொய் சொல்லி, போய் மாட்டுனேன். காகிதம் வர ஆரம்பிச்சுது. நிக்கல. ஆம்பள, பூஜ்யம். பொம்பள, பூஜ்யம். பிள்ள, பூஜ்யம். தரையில சுருண்டு விழுந்து, என் காலைச் சுத்தி மேல வந்துச்சு. கடேசியில சுருள் தீந்துபோச்சு. பெட்டி நிறுத்தல, வெறுமனே அடிச்சிக்கிட்டே இருந்துச்சு, காகிதம் இல்லாம. அந்த அம்மா ஏலக்காய் போட்டு டீ கொண்டாந்து குடுத்து, கசியுதா சார்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றார் டீச்சர்.

"கசியலன்னு சொன்னேன். மறு வாரம் ஊருல உள்ள பெரிய தெருவுலயெல்லாம் மாட்டுற முறை. அதுக்கு முந்துன வெள்ளிக்கிழமை கொட்டாரத்திடல் கோப்புல கையெழுத்துப் போட்டேன். அதே பேனாவுல, எல்லாப் பெட்டியும் பழுதுன்னு எழுதியும் அனுப்பிட்டேன்."

ஐம்பத்தொன்பது என்றார்கள். அது அவர் எண். எழுந்து நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, செல்வமலர் டீச்சரைப் பார்த்தார்.

"நடந்துச்சு டீச்சர். பொன்னுலிங்கம் சொன்னது அம்புட்டும் நடந்துச்சு. இத்தன வருசமா அவரு கொறச்சுத்தான் சொல்லிக்கிட்டிருக்காரு."